மருத்துவ மாணவரும் ஆய்வும்: ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாதம்

ஆய்வைப் பற்றி மருத்துவ மாணவர்களிடம் கொடுக்கப்படும் வினாப்படிவங்கள் பெரும்பாலும் ஒரே விடையோடு திரும்பி வருகின்றன: ஆர்வம் இருக்கிறது, நேரம் இல்லை. அதைப் பார்க்கும் கல்லூரிகள் மாணவரின் மனப்பாங்கை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு பயிலரங்கை நடத்திச் சான்றிதழும் வழங்கிவிடுகின்றன. மனப்பாங்கில் கோளாறு ஏதும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மாணவர் கணக்குப் போட்டுத்தான் அந்த விடையை எழுதுகிறார். அந்தக் கணக்கும் சரியாகவே இருக்கிறது.

நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணி, அதற்குப் பின் பி.ஜி. சீட். அந்த சீட்டை நிர்ணயிப்பது நீட் மதிப்பெண். இரண்டாம் ஆண்டில் வார்டில் உட்கார்ந்து ஒருவர் நல்ல ஆய்வு செய்திருந்தாலும் தரவரிசையில் அது அவரை ஓரிடம்கூட உயர்த்தாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு, குடும்பத்தில் முதல்முறையாக மருத்துவம் படிக்க வந்திருப்பவர்கள் பலர். கைக்கு எட்டாத பலனுக்காக இரண்டு மாதத்தைச் செலவிடு என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வாய்ப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வு உதவித்தொகையை 1979இலேயே தொடங்கியது. இரண்டு மாத ஆய்வு, ஓர் அறிக்கை, ஒரு தொகை. நல்ல திட்டம்தான். ஆனால் வழிகாட்டியைத் தேடுவது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குவது, வகுப்புக்கும் உள்தேர்வுக்கும் இடையில் தரவு சேர்ப்பது எல்லாம் மாணவர் தலையில்தான் விழுகின்றன. 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே நோயாளியைக் காட்ட வேண்டும் என்றது. விருப்பப் பயிற்சி என்ற பெயரில் ஆய்வுக்கும் இடம் ஒதுக்கியது. அந்த இடம் வருவதோ மூன்றாம் கட்டத் தேர்வின் முதல் பகுதி முடிந்த பிறகு. அதிலும் முதல் பிரிவு ஆய்வகத்திலோ ஓர் ஆய்வாளரிடமோ, அடுத்த பிரிவு நோயாளிகள் இருக்கும் துறையில். ஆக, நோயாளியை முதலாண்டில் பார்க்கும் மாணவர், அந்த நோயாளியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்பதைச் சில ஆண்டுகள் கழித்து, வேறோர் அறையில் தெரிந்துகொள்கிறார். பாடத்திட்டத்தின் பிழை இங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களின் வெளியீடுகளைக் கணக்கெடுத்த சமீரன் நந்தி குழுவினர், அவற்றில் 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை என்று கண்டனர். ஆசிரியர்களே ஆய்வு வெளியிடாத இந்த நிலையில் மாணவரின் ஆர்வத்தை அளக்கக் கிளம்புவது கொஞ்சம் வேடிக்கைதான்.

நோயாளியைப் பார்ப்பதையும் அவரைப் பற்றிக் கேள்வி கேட்பதையும் இன்றைய பாடத்திட்டம் பிரித்துவைத்ததுபோல, தஞ்சை வட்டாரத்தில் முன்பு சிகிச்சையும் பதிவும் பிரிந்து கிடந்ததில்லை. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் மருந்து தயாரித்தார்கள், நோயாளியைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். கால்நடைக்கான மருத்துவமும் அங்கே உண்டு. கண் நோயாளிகள் பற்றிய குறிப்புகள் கண்ணின் படங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. நம் காலக் கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தஞ்சைக்கு அருகிலுள்ள ஒரத்தநாட்டில் சத்திரம் எழுப்பியதும் அதே மன்னர்தான். அரசரின் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கேஸ் ஷீட் இன்று ஆய்வுக்கு உதவுகிறது என்றால், அதை எழுதியவர் கவனமாக எழுதியதுதான் காரணம்.

அதே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கால்நடை மருத்துவ மாணவருக்கு ஒரு வசதி உண்டு. காய்ச்சலோடு ஒரு மாடு வந்தால் மந்தையில் மற்றவை எப்படி, தண்ணீர் எங்கே குடிக்கின்றன, தீவனம் என்ன என்று கேட்காமல் அவரால் நகர முடியாது. மனித மருத்துவ மாணவர் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரோடு நின்றுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். எலி, மாடு, மழைநீர் தேங்கிய சம்பா வயல், வெறுங்காலோடு அதில் இறங்கும் தொழிலாளி என்று அந்தக் கிருமி போகும் வழி டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்தது. மாட்டை ஒரத்தநாட்டு மாணவர் பார்க்கிறார், மனிதரைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மாணவர் பார்க்கிறார். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லாத இரு கல்லூரிகள் ஒரே கிருமியைத் தனித்தனியாகப் படிக்கின்றன.

பாம்புக்கடி இன்னும் எளிய எடுத்துக்காட்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 2024இல் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. கடித்த நேரம், எந்த வயல், முதலில் யாரிடம் போனார், எத்தனை மணி கழித்து விஷமுறிவு மருந்து ஏறியது, சிறுநீரகம் என்ன ஆனது: இவற்றைக் கேட்டு எழுத ஆய்வகம் தேவையில்லை. முதலாண்டு மாணவரின் காதும் பேனாவும் போதும். ஊர்த் தமிழ் தெரிந்த மாணவர் என்றால் பேராசிரியரைவிட நன்றாகவே கேட்பார்.

அனுபவம் இல்லாதவர் திரட்டும் தரவு குப்பையாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. கட்டாயப்படுத்தினால் நிச்சயம் ஆகும். பதவி உயர்வுக்குக் கட்டுரையைக் கட்டாயமாக்கியபோது காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதை நாம் பார்த்தோம். ஆகவே மாணவரிடம் கட்டுரை கேட்கக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு: கணையத்தின் திட்டுகளை 1869இல் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், ஹெப்பாரின் கண்டுபிடிப்புக்கு 1916இல் வழிவகுத்த ஜே மக்ளீன் இருவரும் அப்போது மாணவர்கள்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துப் பாடத்திட்டம் வகுக்க முடியாது.

கட்டுரைக்குப் பதிலாக என்ன கேட்கலாம்? லாக் புக் ஏற்கெனவே இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது கையெழுத்துக்காக அதைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் வராந்தாவில் அலைவதையும் எல்லோரும் அறிவோம். அதில் ஒரு பகுதியை ஒதுக்கலாம்: ஒவ்வோராண்டும் ஒரே ஒரு நோயாளி, வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து பார்த்து எழுதிய பதிவு, அதிலிருந்து மாணவர் எழுப்பும் ஒரு கேள்வி. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கால்நடைப் பல்கலைக்கழகமும் இதற்கு மதிப்பெண் அளிக்க வேண்டும். முதல் முயற்சியைத் தஞ்சையும் ஒரத்தநாடும் எலிக்காய்ச்சலில் சேர்ந்து தொடங்கலாம். மதிப்பெண் தந்த பிறகும் மாணவர் எழுத மறுத்தால், அப்போது அவருடைய மனப்பாங்கைப் பற்றிப் பேசுவோம்.