வெறுங்கையோடு வந்த ஜெபம்

புளியந்தீவில், வாவிக்கரையில் நிற்கும் வில்லியம் ஓல்ட் அடிகளாரின் சிலையைக் கடந்தே எம்மில் பலர் பாடசாலைக்குப் போனோம். பேச்சுப் போட்டிகளில் அவர் பெயரை முழங்கிப் பரிசும் பெற்றோம். ஆனால் எந்த நிலையில் அவர் இங்கு வந்து இறங்கினார் என்பதை அந்த வயதில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

1813 டிசம்பர் இறுதியில் கலாநிதி தோமஸ் கோக்கின் தலைமையில் வெஸ்லியன் மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினர். கீழைத்தேச ஊழியம் கோக்கின் நெடுநாள் கனவு. அதற்காகத் தம் சொந்தப் பணத்தையே கொடுக்க முன்வந்தவர் அவர். பயணத்தில், 1814 பெப்ரவரியில் ஓல்டின் மனைவி காலமானார். மே 3ஆம் திகதி கோக்கும் கப்பலில் தம் அறையில் இறந்து கிடந்தார். இருவரையும் கடல் ஏற்றுக்கொண்டது. பம்பாய் வழியாக ஜூன் 29இல் காலியை வந்தடைந்தவர்களுக்கு வழிநடத்தத் தலைவர் இல்லை.

ஜூலையில் அவர்கள் காலியில் கூடி, யார் எங்கே செல்வது என்று தீர்மானித்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, ஓல்ட் மட்டக்களப்புக்கு என்று முடிவாயிற்று. துணைவியை இழந்தவர் தனியாகவே வந்தார். தமிழ் படித்தார், பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயுற்று மரித்தார். ஓராண்டுகூட நிறையவில்லை.

இந்த மண்ணில் மெதடிஸ்த ஜெபம் இப்படித்தான் தொடங்கியது. சாதித்ததைச் சொல்லிக் கேட்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. 1755இல் ஜோன் வெஸ்லி தொடக்கிவைத்த உடன்படிக்கை ஆராதனையை எமது சபைகள் இன்றும் புதுவருடத்தில் நடத்துகின்றன. உயர்வானாலும் தாழ்வானாலும் ஆண்டவர் சித்தம் என்று தன்னை ஒப்புக்கொடுப்பதே அதன் உள்ளீடு. ஓல்டின் எட்டு மாதங்களை அறிந்தபின், அது எத்தனை பாரமான வாக்கு என்பது விளங்குகிறது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். காலைக் கூட்டத்தில் ஜெபிக்கும் முறை வந்தால், முதல்நாள் இரவே அழகான வசனங்களை மனனம் செய்வோம். தடுமாறியவளைப் பார்த்து வாய்க்குள் சிரித்தோம். லூக்கா 18ஆம் அதிகாரத்தின் பரிசேயனையும் ஆயக்காரனையும் வேதபாட வகுப்பில் படித்து நல்ல புள்ளி பெற்ற நாமே, பரிசேயனின் இடத்தில் நின்றிருக்கிறோம். எமக்கருகில் தலைகுனிந்து மௌனமாக நின்ற சைவத் தோழியும் முஸ்லிம் தோழியும் எம்மைவிடத் தாழ்மையாய் நின்றார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

அழகு வசனங்கள் உதவாத நாட்களும் வந்தன. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் வாரிச் சென்றது. அப்போது எம் வாயில் மிஞ்சியது "ஆண்டவரே, இரங்கும்" என்பது மட்டுமே. ஆயக்காரன் கேட்டதும் அவ்வளவுதான்.

தோழியரே, எந்தத் தேசத்தில் இருந்தாலும், அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அந்தச் சிலையருகே சற்று நில்லுங்கள். தாம் விதைத்ததின் விளைவைப் பார்க்காமலே போன மனிதர் அவர். அவருடைய வெறுங்கையிலிருந்து எமக்குக் கிடைத்தவைதாம் எழுத்தும் ஜெபமும். அதை நினைத்து முழந்தாளிடுவதே இந்த நூற்றாண்டுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி.