கடன் சீட்டின் நெடும்பயணம்

தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் திறந்தால், ஜெபத்தின் நடுவே கடன், கடனாளி என்று கணக்குப்பிள்ளையின் பேச்சு வந்து நிற்கும். பாவத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் கடன் எப்படி நுழைந்தது? தேடிப்போனால் பாபிலோன் வரை போகவேண்டியிருக்கிறது.

கி.மு. 17ஆம் நூற்றாண்டில் அங்கே அம்மிசதுக்கா என்ற அரசன், குடிகள் வட்டிக்கு வாங்கிய கடன்களை ஓர் ஆணையால் தள்ளுபடி செய்தான். ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்லும் உபாகமச் சட்டம் இந்த வழக்கத்துக்கு உறவுக்காரன்தான். ஆனால் பழைய எபிரெய நூல்களில் பாவம் பெரும்பாலும் சுமையாகத்தான் வரும். லேவியராகமத்தில் மக்களின் பாவத்தை ஒரு வெள்ளாட்டின் தலைமேல் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாக அரமேயம் பரவியபோது மூட்டை பாக்கியாக மாறியது; அந்த மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்.

இயேசு பேசியது அரமேயம். அவர் சொன்ன கதையில் ஒருவன் ராஜாவுக்குப் பத்தாயிரம் தாலந்து பாக்கி வைத்திருக்கிறான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி! ஒன்றரை லட்சம் ஆண்டு உழைத்தாலும் தீராது. ராஜா மனமிரங்கி முழுவதையும் விட்டுவிடுகிறார். அவனோ வெளியே வந்ததும், தனக்கு நூறு காசு தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கொலோசெயருக்கு எழுதிய நிருபம் இன்னும் ஒரு படி போய், கடன் சீட்டையே சிலுவையில் ஆணியடித்துவிடுகிறது.

சீட்டு என்றதும் வியாபாரம் வராமல் இருக்குமா? பாவத்துக்கான தண்டனையைத் தள்ளுபடி செய்யும் சீட்டுகளை ஐரோப்பியத் திருச்சபை காணிக்கை வாங்கிக்கொண்டு வழங்கியது. 1454-55இல், பெயர் எழுத இடம் விட்டு, கூட்டன்பர்க்கின் ஊரான மைன்சிலேயே அவை அச்சாயின. 1517இல் டெட்செல் என்ற துறவி ஊர் ஊராக விற்றதைப் பொறுக்காமல்தான் லூதர் எழுந்தார்.

அந்த அச்சுக்கலை கடல் கடந்து வந்து, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டது. லூதரின் வழிவந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற மிஷனரி தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் திருத்தி எழுதினார். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் நிலக்காரர்களின் பிடியிலிருந்து விலகி வாழ, நிலம் வாங்கிக் கொடுக்கத் தர்ம சங்கமும் தொடங்கினார். மன்னிப்பைப் பிரசங்கித்தவர் குடியிருக்க மண்ணும் தேடிக் கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அப்படி எழுந்த ஊர்களில் ஒன்றான, நாங்குநேரி வட்டாரத்து டோனாவூருக்கு அந்தப் பெயர் வந்தது, பணம் அனுப்பிய பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவால்.

இறைவனோடு கொடுக்கல் வாங்கல் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. நேர்ந்துகொண்டால் நேர்த்திக்கடனைச் செலுத்தியே தீரவேண்டும். ஆனால் கொடுக்க எதுவுமில்லாதவன் என்ன செய்வான்? நாங்குநேரி வானமாமலைப் பெருமாள்மீது நம்மாழ்வார் பாடிய பதிகம் அப்படிப்பட்டவனின் குரல்தான்: நோன்பில்லை, அறிவில்லை, ஆனாலும் உன்னைவிட்டால் கதியில்லை. வைணவ உரைகாரர்கள் இந்நிலையைக் கைம்முதல் இல்லாமை என்பார்கள். அதுவும் கடைத்தெருப் பேச்சே!

அந்த வைணவத்தில் வளர்ந்தவர், நெல்லைக்கு அருகே கரையிருப்பில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேயர் ஜான் பன்யனின் 1678ஆம் ஆண்டுக் கதையைத் தழுவி, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை வெளியிட்டார். அதன் நாயகன் கடனாளியாக அல்ல, முதுகில் பாவச்சுமையோடு நடக்கிறான். அரமேயம் பாக்கியாக மாற்றிய அந்தப் பழைய எபிரெய மூட்டை, இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.