காணிக்கையுரையும் நன்றியுரையும்

ஆண்டுதோறும் மலர் வெளிவரும் வேளையில் மலர்க் குழுவினரை அலைக்கழிப்பன கட்டுரைகளல்ல. இறுதிப் பக்கத்து நன்றியுரையே. விளம்பரம் தந்துதவிய வணிகரை முன்னர்க் கூறுவதா, அச்சுப்படி திருத்தியவரை முன்னர்க் கூறுவதா, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவரைப் பெயர் சொல்லிக் குறிப்பதா என்றெல்லாம் வினாக்கள் எழும். ஒருமுறை உயர்வகுப்பு மாணவன் ஒருவன், "பணம் தந்தவரைப் பெயர் சொல்லி வாழ்த்துகின்றோம், உழைத்தவரை 'ஏனையோர்' என்று முடித்துவிடுகின்றோம். இது முறையா, ஐயா?" என்று கேட்டான். அன்று அவனுக்கு யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆங்கில நூலாசிரியர்களை நெடுங்காலம் வருத்திய வினாவும் இதுவே என்பது பின்னர்ப் படிக்கப் படிக்கப் புலனாயிற்று.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலப் புலவன் ஒருவன் நூல் விற்று வாழ்தல் அரிது. பிரபு ஒருவரின் பெயரை நூல்முகத்திற் பொறித்துக் காணிக்கையுரை எழுதினால், அவர் பரிசில் அளிப்பார். காணிக்கையுரை என்பது நன்றியுரையன்று; பெரும்பாலும் அது விண்ணப்பமே. பெற்ற உதவிக்கன்றி, இனிப் பெறவிருக்கும் உதவிக்கே அதிற் புகழ் கூறப்பட்டது.

இம்முறை மாறத் தொடங்கிய காலத்தை டிறைடனின் வேர்ஜில் மொழிபெயர்ப்பிற் காணலாம். அது 1697இல் வெளிவந்தது. முன்பணம் கட்டி நூலைப் பெறும் 'கையொப்பக்காரர்' பலர் அதற்குச் சேர்ந்தனர். அவருள் ஐந்து கினி கொடுத்த நூற்றொருவருக்கு ஒவ்வொரு சித்திரப் பக்கம் ஒதுக்கப்பட்டு, அதன் கீழ் அவரவர் குலச்சின்னம் பொறிக்கப்பட்டது. இவ்வாறு புரவலர் ஒருவர் நூற்றொருவராயினர். பதிப்பாளராகிய ரொன்சன் நூலை மூன்றாம் வில்லியம் மன்னருக்குக் காணிக்கையாக்க விரும்பினார்; டிறைடன் இசையவில்லை. ரொன்சன் விட்டாரல்லர். சித்திரங்களில் வரும் ஏனியாசின் மூக்கினை வில்லியத்தின் வளைந்த மூக்குப்போலத் திருத்துவித்தார்! டிறைடனோ நூலின் மூன்று பகுதிகளையும் மூன்று பிரபுக்களுக்கு உரியனவாக்கினார். அவருள் ஒருவர் இரண்டாம் செஸ்ரர்பீல்ட் பிரபு. இவருடைய பேரனை நாம் சற்றுப் பின்னர்ச் சந்திப்போம்.

கையொப்ப முறையைக் கொண்டு செல்வராகிய முதற் புலவர் போப் எனலாம். 1715 முதல் 1720 வரை ஆறு பாகங்களாக வெளிவந்த இலியட் மொழிபெயர்ப்புக்கு 575 பேர் கையொப்பமிட்டனர். ஆறு பாகங்களுக்கும் விலை ஆறு கினி. நூலைப் பிரபு எவருக்கும் அளியாது, தம்மைப்போல் எழுத்தாளரான கொங்கிறீவுக்கே போப் காணிக்கையாக்கினார். பாராட்டத்தக்க செயலே. ஆயின், அடுத்து வந்த ஒடிசியில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. அந்நூலின் இருபத்து நான்கு காண்டங்களுள் போப் மொழிபெயர்த்தவை பன்னிரண்டே. எட்டினைப் புறூம் என்பவரும் நான்கினைப் பென்ரன் என்பவரும் செய்தனர். நூலிறுதிக் குறிப்பிலோ, புறூம் மூன்று, பென்ரன் இரண்டு என்றே கூறப்பட்டது. அக்குறிப்பு புறூமின் பெயராலேயே வெளிவந்தது என்பதே வியப்பு. கையொப்பக்காரர் பணம் கட்டியது போப்பின் பெயருக்காதலின், உதவியோரின் பங்கு சுருக்கப்பட்டது. நன்றி கூறாமல் விடுவதிலும் அளவு குறைத்து நன்றி கூறுவது கொடிதென்பது என் எண்ணம். முன்னது மறதியாகவும் இருக்கலாம்.

இனி ஜோன்சனிடம் வருவோம். 1746ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் புத்தக வணிகர் சிலர் ஆங்கில அகராதி ஒன்று தொகுத்தற்கு அவருடன் ஒப்பந்தம் செய்தனர். கூலி 1,500 கினி. எழுத்துதவியாளர் சம்பளமும் இதற்குள்ளேயே அடங்கும். வணிகருள் ஒருவராகிய டொட்ஸ்லியின் சொற்படி, 1747இல் அகராதியின் திட்டத்தை நான்காம் செஸ்ரர்பீல்ட் பிரபுவை நோக்கி எழுதி ஜோன்சன் வெளியிட்டார். முன்னர்க் கூறிய பேரன் இவரே. பிரபு பத்துப் பவுண் கொடுத்தார். அதன்பின் ஏழாண்டு அவரிடமிருந்து யாதொன்றும் வரவில்லை. கஃப் சதுக்கத்து வீட்டு மேன்மாடத்தில் வேலை நடந்தது. இடையில் 1752இல் ஜோன்சனின் மனைவியும் இறந்தார். அகராதி முடிவெய்தும் தறுவாயில், 1754ஆம் ஆண்டு இறுதியில், பிரபு அதனைப் புகழ்ந்து பத்திரிகையொன்றில் இரு கட்டுரைகள் எழுதினார். காணிக்கையுரையை எதிர்பார்த்தே எழுதினார் என்பது அக்காலத்தார் கருத்து. 1755ஆம் ஆண்டு பெப்ருவரி 7ஆம் நாள் ஜோன்சன் அவருக்கு ஒரு கடிதம் விடுத்தார். வாயிலிற் காத்து நின்ற காலத்திற் கிடையாத உதவி, வேண்டாத காலத்தில் வந்தாற் சுமையே என்பதும், பெறாத நன்மைக்கு நன்றி கூறத் தாம் கடமைப்பட்டவரல்லர் என்பதும் அதன் சாரம். பிரபு சினங்கொள்ளவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்து, வருவோர்க்கெல்லாம் அதன் சொல்லழகைச் சுட்டிக் காட்டினாராம்!

ஏப்பிரல் 15ஆம் நாள் அகராதி இரு பெரும் பாகங்களாகக் காணிக்கையுரையின்றியே வெளிவந்தது. முகப்பேட்டில் நின்றன புத்தக வணிகர் பெயர்களே. உண்மையிற் பொருளுதவியவர் அவர்களேயாதலின் அது பொருத்தமே. அவர்களைத் தாராள மனத்தினர் என்று ஜோன்சன் பிற்காலத்திலும் புகழ்ந்தார். தாம் 1749இல் வெளியிட்ட பாடலொன்றிலே, கற்றோரை வருத்தும் துன்பங்களுள் ஒன்றாக மச்சறையைக் கூறியிருந்தவர், 1755இல் அச்சொல்லை நீக்கிப் 'புரவலர்' என்ற சொல்லை அவ்விடத்தில் அமைத்தார்.

இத்துடன் பெரும்பாலான பாடநூல்கள் கதையை முடித்துவிடும். புரவலர் காலம் மாய்ந்தது, எழுத்தாளர் காலம் பிறந்தது என்று நாமும் வகுப்பிற் கூறிவிடுகின்றோம். ஆனால் ஜோன்சன் அவ்வளவு எளிதாக ஒரு சூத்திரத்துள் அடங்குபவரல்லர். தமக்கெனக் காணிக்கையுரை எழுத மறுத்தவர், பிறர்க்கெனப் பல எழுதிக் கொடுத்தார். 1765இல் வெளிவந்த பேர்சியின் பழம்பாடற் றொகுப்புக்கும், 1776இல் வெளிவந்த பேர்ணியின் இசை வரலாற்றுக்கும் உரிய காணிக்கையுரைகள் அவர் எழுதியவையே. அவற்றின் கீழ் அவர் பெயர் இல்லை. தம் சேக்சுபியர் பதிப்புக்கு 1756 முதற் கையொப்பம் வாங்கியவர், 1765இல் அது வெளிவந்தபோது கையொப்பக்காரர் பட்டியலை அச்சிடவில்லை. காரணம் கேட்டதற்கு, பெயர்கள் தொலைந்தன, பணமும் செலவாயிற்று என்றாராம்.

இவை நகைத்து விடக்கூடியவை. நகைக்க முடியாதது ஒன்றுண்டு. அகராதிப் பணியில் ஜோன்சனுக்கு அறுவர் எழுத்துதவியாளராக இருந்தனர். ஜோன்சன் நூல்களிற் கோடிட்ட வாக்கியங்களைப் பிரதி செய்து, துண்டு துண்டாக வெட்டி, சொல்லுக்குரிய இடத்தில் ஒட்டி வைப்பது அவர்தம் வேலை. அகராதியின் மேற்கோள்கள் ஏறத்தாழ 1,14,000. இத்துணைப் பெரிய வேலையைச் செய்த கைகளைப் பற்றி அந்தப் புகழ்பெற்ற முன்னுரை பெயர் சுட்டி ஒன்றும் கூறவில்லை. சொற்பிறப்புக்கு உதவிய ஜூனியஸ், ஸ்கின்னர் என்னும் பழைய அறிஞர் இருவருக்கும் அதில் உரிய இடம் உண்டு. கற்றோர் உதவி சிறிதே, பெரியோர் ஆதரவு இல்லை என்ற பெருமிதமும் உண்டு. மேன்மாடத்தில் இருந்தோர் இல்லை.

அவர் பெயர்களை நாம் அறிவது 1791இல் வெளிவந்த பொஸ்வெல்லின் ஜோன்சன் சரித்திரத்தால். மக்பீன் சகோதரர் இருவர், ஷீல்ஸ், ஸ்ரூவேட், மெயிற்லண்ட், பெய்ரன் என்போரே அவர். ஐவர் ஸ்கொத்லாந்தியர். ஸ்கொத்தியரை எள்ளி நகையாடுவதிற் பெயர்பெற்ற ஜோன்சன் ஐந்து ஸ்கொத்தியரை வைத்தே ஆங்கில அகராதியைச் செய்து முடித்தார்! ஷீல்ஸ் 1753இற் காசநோயால் இறந்தார். அச்சேறிய நூலை அவர் காணவில்லை. மூத்த மக்பீன் முதுமையில் வறுமையுற்றபோது, அவருடைய பண்டைப் புவியியல் நூலுக்கு ஜோன்சன் முன்னுரை எழுதிக் கொடுத்ததோடு, சாட்டர்ஹவுஸ் அறநிலையத்தில் இடமும் தேடிக் கொடுத்தார். பெய்ரனுக்குப் பலகாலும் பணம் உதவி, இறுதியில் அவரையும் அவர் மனைவியையும் தம் செலவிலேயே அடக்கம் செய்வித்தார். நன்றியற்ற மனிதர் செய்யும் செயல்களா இவை? நன்றி நெஞ்சில் இருந்தது, கையிலும் இருந்தது. தாளில் மட்டும் இல்லை. உழைத்தவர் பெயரை முன்னுரையில் எழுதுதல் வேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் வழக்காகவில்லை என்று அமைதி காண்பாரும் உளர். யான் அதனை முற்றிலும் ஏற்கவில்லை. பெரியோர் புறக்கணிப்பை அத்துணைக் கூர்மையாக உணர்ந்த ஒருவர்க்கு, தம்மை அண்டியிருந்தோரின் நிலை தெரியாமற் போயிருக்காது.

இக்குறை நீங்கியது அடுத்த பேரகராதியில். 1879இல் ஒக்ஸ்போட் அகராதியின் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மறே, ஆங்கிலம் படிப்போர் யாவரும் நூல்களிலிருந்து மேற்கோள் எழுதியனுப்புமாறு வேண்டுகோள் விடுத்தார். கூலியின்றி எழுதியனுப்பினோர் பெயர்களை, அனுப்பிய தொகையுடன் முன்னுரையிற் பொறித்தார். தோமஸ் ஒஸ்ரின் என்பவர் பெயருக்கு எதிரே 1,65,000 என்ற எண் நிற்கின்றது. பிறோட்மூர் மனநோயாளர் காப்பகத்தில் அடைபட்டிருந்த டாக்டர் மைனரின் உதவியையும் பெரும் புலமையாளர் ஹாலின் உதவிக்கு அடுத்ததாக வைத்து மறே பாராட்டினார். ஜோன்சனின் சொற்பொருளை எடுத்தாண்ட இடங்களில் அவர் பெயரின் முதலெழுத்தை இட்டு, அவருக்குரிய கடனையும் அவ்வகராதி செலுத்தியது. மறே 1915இற் காலமானார். அகராதி 1928இல் நிறைவெய்தியது.

இவ்விரு அகராதிகட்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றிய ஓர் அகராதி நமக்கு அண்மையது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் வின்சிலோ 1862இற் சென்னையில் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியே அது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. நம் நூல்நிலையங்களில் அதனைக் கண்டோர் முகப்பேட்டை மீண்டும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். வின்சிலோவின் பெயருக்குக் கீழே, காலஞ்சென்ற நைற் பாதிரியாரின் கையெழுத்துக் குறிப்புகள் பயன்பட்டமை அவர் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றது. அதற்கு மேலே, தகுதிவாய்ந்த சுதேச வித்துவான்கள் துணைபுரிந்தனர் என்று ஒரு தொடர் உண்டு. அவ்வித்துவான்கள் எவர், எத்தனை பேர் என்பது அம்முகப்பேட்டில் இல்லை.