கல்முனைக் கரையில் வீடு புகும் பாம்பு

கிழக்கிலங்கையில் அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களான மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியவை கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய மணல்மேட்டில் வரிசையாக அமைந்தவை. பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் அதே மேட்டில் இடையிடையே இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு, சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகள் எனப்படும் வயல்வெளிகள், ஊர்களை ஊடறுத்துத் தோணாக்கள் எனப்படும் நீரோடைகள். வடகீழ்ப் பருவ மழையில் வயல்வெளி வெள்ளக்காடாகும்போது எலியும் தவளையும் ஒதுங்குவதற்கு இந்த மேட்டை விட்டால் வேறு இடம் இல்லை. அவற்றின் பின்னால் பாம்பும் வருகிறது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்து சேரும்போது எலிக்கும், எலியைத் தின்னும் பாம்புக்கும் வளவுக்குள் நுழைய இன்னொரு காரணம் கிடைக்கிறது. வீட்டுக்குள் பாம்பு வருவது இக்கரையில் மழையோடும் வேளாண்மையோடும் சேர்ந்து வந்த ஒன்று.

வரும் பாம்புகள்

வீட்டில் காணப்படும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. சாரை எலியைத் துரத்திக் கூரை வரை ஏறும். தண்ணீர்ப் பாம்பு கிணற்றடிக்கும் தோணா ஓரத்து வளவுகளுக்கும் வரும். வெங்கிணாந்தி எனப்படும் மலைப்பாம்பு கோழிக்கூட்டைத் தேடி வரும். உயிருக்கு ஆபத்தானவை சில இனங்களே: நாகம் எனப்படும் நல்லபாம்பு, புடையன் என்றும் கண்ணாடி விரியன் என்றும் சொல்லப்படுவது, எட்டடி விரியன், வறண்ட கரையோரங்களில் வாழும் சுருட்டை விரியன்.

இவற்றுள் புடையன் வயலின் பாம்பு. வரம்பிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடந்து, மிதிபட்டால் கடிக்கும். அதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். இலங்கைப் புடையனின் நஞ்சு நரம்புகளையும் தாக்குவதுண்டு. எட்டடி விரியனோ வீட்டின் பாம்பு. எலி, பல்லி, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடி இரவில் உள்ளே வந்து, தரையில் பாய் விரித்து உறங்குபவர் புரளும்போது கடிக்கும். அதன் பற்கள் சிறியவை என்பதால் வலியோ கடித்த தடமோ பல வேளைகளில் தெரிவதில்லை. பின்னர் வயிற்றுவலி தொடங்கி, இமை தாழ்ந்து, பேச்சுக் குழறி, கடைசியில் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்துபோகும்.

பழைய வீடும் அதன் காவலும்

கல்வீடு பெருகுவதற்கு முன் இக்கரையின் சாதாரணக் குடும்பம் மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீட்டில் வாழ்ந்தது. வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. சுவரடியில் எலி வளை, கூரையில் பல்லி, அடுப்படியில் விறகும் தேங்காய் மட்டையும், உள்ளே நெல். உறங்குவதற்குப் பன்பாய். பாம்பு நுழைய வழியும், தங்க இடமும், தின்ன இரையும் அங்கே இருந்தன.

அதற்கு எதிரான காவல் நாளாந்த வீட்டு வேலையிலேயே அடங்கியிருந்தது. வளவு மணலை அன்றாடம் கூட்டினால் புதிதாக ஊர்ந்த தடம் கண்ணில் படும். எலி வளைகளை மண்ணால் அடைத்து மெழுகுவதும், விறகைச் சுவருக்கு எட்ட அடுக்குவதும், பாயை உதறி விரிப்பதும், இரவில் வெளியே போகும்போது சூளோ அரிக்கன் லாம்போ எடுத்துப் போவதும் வழக்கம். உள்ளியை இடித்துக் கரைத்துத் தெளிப்பது, ஆடுதீண்டாப்பாளை நடுவது போன்ற விரட்டும் முறைகளும் தமிழர் வாழும் இடங்களில் பரவலாக அறியப்பட்டவை. அவை பாம்பைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. கூட்டுதலும் வளை அடைத்தலுமோ எலியைக் குறைத்து, மறைவிடத்தை இல்லாமலாக்கி, உண்மையிலேயே பயன் தந்தன.

எழுத்தில் கிடைப்பவை

கிழக்குக் கரையில் கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்டுக் கண்டி அரசில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் மலைப்பாம்பையும் நாகத்தையும் விரியனையும் விவரித்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இன்னும் விரிவாக எழுதினார். 1851 முதல் 1855 வரையான ஐந்து ஆண்டுகளின் மரண விசாரணைகளில் 68 மரணங்கள் பாம்புக்கடியால் நேர்ந்தவை என்று அவர் குறித்துள்ளார். ஏறக்குறைய அனைத்தும் இரவில் நிகழ்ந்தவை. இறந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்களும் குழந்தைகளும். வயலில் நிற்கும் ஆண்களைவிட வீட்டிலும் வளவிலும் இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

பிடித்த பாம்பை என்ன செய்வது என்பதில் சமயங்கள் வேறுபட்டன. உயிர்க்கொலையை விலக்கும் பௌத்தர்கள் நச்சுப்பாம்பை ஓலைக் கூடையில் அடைத்து ஆற்றில் மிதக்கவிடும் வழக்கத்தை டெனன்ட் பதிவுசெய்தார். கரையோரத் தமிழ்ச் சைவர்களிடம் நாகதம்பிரான் வழிபாடு இருந்ததால் நாகத்தைக் கொல்லத் தயக்கம் இருந்தது. முஸ்லிம் வீட்டில் அந்தத் தயக்கம் இல்லை. அங்கே வழிகாட்டியது மார்க்கச் சட்டம்.

மார்க்கச் சட்டம்

தொழுகையில் நிற்பவர்கூடப் பாம்பையும் தேளையும் கொல்லலாம் என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் உள்ளது. ஆனால் வீட்டுப் பாம்புக்குத் தனி விதி உண்டு. மதீனாவின் வீடுகளில் பாம்பு உருவில் ஜின்கள் இருக்கக்கூடும் என்பதால் மூன்று நாள் எச்சரித்த பிறகும் காணப்பட்டால் மட்டுமே கொல்ல வேண்டும் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. முதுகில் இரு வெண்கோடுகள் உள்ளதும் வால் குட்டையானதும் இந்தச் சலுகைக்கு அப்பாற்பட்டவை. எச்சரிக்கும் விதி மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊர்களுக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. நடைமுறையில் பாம்பைக் கண்ட வீட்டில் பொல்லும் மண்வெட்டியுமே முதலில் கைக்கு வந்தன.

கடித்த பிறகு ஓதிப் பார்ப்பதற்கும் மார்க்கத்தில் அடிப்படை இருந்தது. நஞ்சு தீண்டிய ஒரு குலத்தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் அல்ஃபாத்திஹா ஓதினார். தலைவர் குணமடைந்து ஆட்டு மந்தையைக் கூலியாகத் தந்தார் என்ற நிகழ்ச்சி புகாரியில் உண்டு. தண்ணீர் ஓதிக் கொடுப்பது இந்த வழியில் வந்தது.

பரிகாரியும் குறவரும்

ஓதுபவருக்கு அடுத்து விஷகடிப் பரிகாரி. மூலிகைச் சாறு, பூச்சு, கடிவாய்க்கு மேல் இறுக்கிய கட்டு, நஞ்சை உறிஞ்சும் என்று நம்பப்பட்ட பாம்புக்கல் ஆகியவை இலங்கை விஷகடி வைத்தியத்தில் இருந்தன. 1854இல் பிந்தனைக்கு அருகே நாகம் தீண்டிய தமிழர் ஒருவரின் விரலில் இரண்டு பாம்புக்கற்கள் ஒட்டப்பட்டதையும் அவர் தேறியதையும் டெனன்ட் விவரித்தார். அத்தகைய கல் ஒன்றை அவர் ஆய்வுக்குக் கொடுத்தார். அதை ஆராய்ந்த மைக்கேல் ஃபரடே அது கருக்கப்பட்ட எலும்பு என்றார். எல்லாக் கடியிலும் நஞ்சு உடலில் ஏறுவதில்லை என்பதால், கல்லையும் மூலிகையையும் பற்றிய நம்பிக்கை பிழைத்தவர்களின் எண்ணிக்கையால் வளர்ந்துகொண்டே இருந்தது.

பாம்பை உயிருடன் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெலுங்கு பேசும் குறவர்கள். சிங்களத்தில் அஹிகுண்டக்க எனப்படும் இவர்கள் ஊர் ஊராகச் சென்று பாம்பை ஆட்டியும் கைரேகை பார்த்தும் வாழ்ந்தனர். அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பை அவர்கள் நிலையாகக் குடியேறிய ஊர்களில் ஒன்று. அங்கே குடியேறியவர்கள் கத்தோலிக்கரானார்கள். வேறு தொழில்களுக்கும் போனார்கள். கூடையும் மகுடியுமாகச் சந்தைக்கு வருவோர் குறைந்தனர்.

முஸ்லிம் உலகின் வேறு பகுதிகளில் இத்தொழில் சூஃபிகளிடம் இருந்தது. எகிப்தில் ரிபாயி தரீக்காவினர் வீடுகளுக்கு அழைக்கப்பட்டு, ஈச்சங்கோலால் சுவரைத் தட்டி, ஒலி எழுப்பி, பாம்பை வெளியே வரும்படி ஆணையிட்டதை எட்வர்ட் லேன் 1836இல் வெளியிட்ட நூலில் காணலாம். அதே தரீக்காவின் பாவாக்கள் கிழக்கிலங்கையிலும் உண்டு. இங்கே அவர்கள் அறியப்பட்டது கந்தூரிகளில் நடத்தும் ராத்தீபு என்ற ஓதல் சடங்கினாலேயே.

வைத்தியசாலைக்குப் போன பாதை

பாம்பு நஞ்சுக்கு முதல் எதிர்மருந்தைப் பிரெஞ்சு வைத்தியர் அல்பேர் கல்மெத் 1890களின் நடுவில் உருவாக்கினார். இலங்கை பயன்படுத்தி வருவது இந்தியாவில் தயாராகும் பன்முக எதிர்மருந்து. நாகம், கண்ணாடி விரியன், எட்டடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் அது பொருந்தும். இலங்கையில் பரவலாகக் கடிக்கும் கோப்பி விரியனுக்குப் பொருந்தாது. இந்த எதிர்மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியைச் சேகரிப்பது தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இடத்துக்கு இடம் நஞ்சின் தன்மை மாறுவதால் இந்திய மருந்து இலங்கைப் பாம்புகளுக்கு முழுமையாக ஈடுகொடுப்பதில்லை. ஒவ்வாமையும் அடிக்கடி நேர்கிறது. எதிர்மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறையும் என்று இலங்கை வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வைத்தியசாலைகள் வளர்ந்தபோது பரிகாரியின் இடம் சுருங்கியது. புடையன் கடித்தவரின் இரத்தம் 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் விடப்பட்டு, உறைகிறதா என்று பார்க்கப்படுகிறது. எட்டடி விரியன் கடிக்கு எதிர்மருந்தைவிடச் செயற்கைச் சுவாசக் கருவியே பெரும்பாலும் உயிரைக் காக்கிறது. 1983 முதல் 2009 வரையான யுத்த காலத்தில் இரவுப் பயணம் அபாயமானதாக இருந்தது. எட்டடி விரியன் கடி நேர்வதோ பெரும்பாலும் இரவில். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ் சேவை கடிக்கும் சிகிச்சைக்கும் இடையிலான நேரத்தைக் குறைத்தது.

அடித்துக் கொன்ற பாம்பைப் பையில் போட்டு நோயாளியோடு கொண்டுவரும் வழக்கம் வைத்தியர்களுக்கு ஒரு விதத்தில் உதவியது. எந்த இனம் கடித்தது என்பதை இலங்கை ஆய்வாளர்கள் உறுதிசெய்ததற்கு அந்த உடல்கள் அடிப்படையாயின. ஆனால் அடிக்கப் போய்ப் பாம்பிடம் கடிபடுவோரும் உண்டு. இப்போது இனத்தை அடையாளம் காட்டும் வேலையைக் கைப்பேசிப் படம் செய்கிறது.

மாறிய வீடு, மாறாத வயல்

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தின் நீரைக் கரையோர வயல்களுக்கும் கொண்டுவந்து சிறுபோகத்தை உறுதியாக்கியது. அதன்பின் வந்த சில பத்தாண்டுகளில் சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் மதிலும் மின்விளக்கும் கட்டிலும் பரவின. நெல் அறுவடைக் களத்திலிருந்தே ஆலைக்குப் போகத் தொடங்கியது. பாம்பு வீட்டில் தங்குவதற்கான காரணங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாகக் குறைந்தன.

2004 டிசம்பர் 26இன் சுனாமிக்குப் பின் புதிய வீடுகள் மேற்கே நகர்ந்தன. சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம் போன்ற குடியிருப்புகள் வயலை அண்டி எழுந்ததால் வெள்ள காலத்துப் பாம்புக்கு அவையே முதல் மேடு. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள் வழக்கினால் பகிரப்படாமல் பல ஆண்டுகள் கிடந்து காடு மண்டின. புழக்கமும் துப்புரவும் இல்லாவிட்டால் கல்வீடும் பாம்புக்குத் தடையாகாது.

2016இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,500 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர். 30,500 பேருக்கு நஞ்சேறுகிறது. 464 பேர் இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. இன்றைய மருத்துவ அறிவுரை பழைய வழக்கத்தில் ஒரு பகுதியைத் தள்ளுகிறது, மறுபகுதியை ஏற்கிறது. இறுகக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கல் ஒட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே வைத்தியசாலை சேர வேண்டும். வளவைக் கூட்டுவது, வளையை அடைப்பது, வெளிச்சத்தோடு நடப்பது, கட்டிலில் நுளம்பு வலைக்குள் உறங்குவது ஆகியவை தொடர வேண்டியவை. பாம்பை வீட்டுக்குள் கண்டால் அறைக் கதவை மூடி, ஆட்களை விலக்கி, வனஜீவராசிகள் திணைக்களத்தையோ பயிற்சி பெற்ற பிடிப்பவரையோ அழைப்பதே இப்போது சொல்லப்படும் முறை.