வட்டிக்கு வரிச்சலுகை: யார் வீட்டுக்கு?

புதியம்புத்தூரில் தையல் மெஷின் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் நம் பெண்கள் வீடு கட்டத் தொடங்கினால் முதலில் கழுத்தில் கிடப்பது அடகுக்குப் போகும். பிறகு குழுக் கடன். அதுவும் பற்றாவிட்டால் வட்டிக்காரர். அண்மையில் ஒரு கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "எங்க சார் வீட்டுக்கடன் வட்டிக்கு வரியில கழிச்சுக்கிடுறாராம். எங்க அம்மாவும்தானே வட்டி கட்டுறாங்க, அவங்களுக்கு என்ன கழியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1938 வரை போக வேண்டியிருக்கிறது, தோழர்களே.

அந்த ஆண்டு ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன்பு வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, நிலங்கள் கடனில் முழுகிய காலம் அது. ஆகவே பெரிய சட்டம்தான். ஆனால் 'விவசாயி' என்பவர் யார்? விற்கத்தக்க உரிமையோடு நிலம் வைத்திருப்பவர், அல்லது ஜமீன் நிலத்தில் ரயத்து போன்ற உரிமை உள்ளவர். கரிசல் காட்டில் கூலிக்கு உழுது, பருத்தி எடுத்து, கம்பு அறுத்தவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயிகள் அல்ல. அவர்களுடைய கடன் அப்படியே இருந்தது.

அதே சட்டம் இன்னொரு கூட்டத்தையும் வெளியே நிறுத்தியது: வருமான வரி கட்டுகிறவர்களை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருப்பவருக்கு நிவாரணம் எதற்கு என்ற எண்ணம். அதில் நியாயம் உண்டு என்றே நாங்கள் நினைக்கிறோம்.

சுதந்திர இந்தியாவில் இந்த எண்ணம் தலைகீழானது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில், சொந்த வீட்டில் குடியிருப்பவர் வீட்டுக்கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கும் உச்சவரம்பு 1999-இல் 75,000 ரூபாய், 2000-இல் ஒரு லட்சம், 2001-இல் ஒன்றரை லட்சம், 2014-இல் இரண்டு லட்சம் என்று ஏறியது. திருப்பிக் கட்டும் அசலுக்கு 80சி பிரிவில் தனியாகச் சலுகை. 1938-இல் வரி கட்டியவருக்கு நிவாரணம் இல்லை. இப்போது வரி கட்டாதவருக்கு நிவாரணம் இல்லை. இரண்டு முறையும் வெளியே நின்றது நம் ஆட்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வரிமுறையில் 30 சதவீத அடுக்கில் இருப்பவர் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வட்டி கட்டினால், 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து அவருக்கு மிச்சம் 62,400 ரூபாய். 5 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு ஏற்கெனவே வரி தள்ளுபடி என்பதால் மிச்சம் எதுவும் இல்லை. தையல் கூலிக்காரருக்குச் சுழியம். முதல் ஆள் இரண்டே வருடத்தில் 1,24,800 ரூபாய் பெற்றுவிடுகிறார். பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் 2016-இல் வந்தபோது சமவெளியில் ஒரு குடும்பத்துக்கு வைத்த தொகை 1,20,000. தமிழ்நாடு அரசு அதற்கு மேல் சேர்த்துத் தருகிறது என்றாலும், அது ஒரு முறை மட்டுமே. வரிச்சலுகையோ கடன் முடியும்வரை வருடாவருடம் வரும். டீக்கடைப் பேச்சில் 'இலவசம்' என்று ஏளனம் செய்யப்படுவது எது என்று உங்களுக்கே தெரியும்.

நம் வீடுகளின் வரலாறு வேறு. 1968-இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதன்மை வேலை தீப்பிடிக்காத வீடு கட்டுவது. நம் மக்களுக்கு வீடு என்பது முதலில் எரியாமல் இருக்க வேண்டும். வட்டியும் கழிவும் அதற்கு அப்புறம். 1985-இல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டமும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே தொடங்கியது. இங்கே பக்கத்திலேயே கொடியன்குளம். வளைகுடா நாடுகளில் உழைத்த பணம் அந்த ஊர் வீடுகளில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து வீட்டுச் சாமான்களோடு பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும்கூட அழித்தது. எந்த வரிச் சட்டத்தில் அந்த நட்டத்தைக் கழிப்பது?

இப்போது நம்மில் முதல் தலைமுறையாக அரசு வேலைக்குப் போனவர்களின் சிக்கலுக்கு வருவோம். இதைக் களத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். காலனி மனைப் பட்டா பெரும்பாலும் அம்மா பெயரில். அதில் கட்டும் வீட்டுக்கு மகன் கடன் வாங்குகிறார், மாதத் தவணை அவர் சம்பளத்திலிருந்து போகிறது. கழிவு கேட்டால் கிடைக்காது. வீட்டின் உரிமையாளரும் கடனாளியும் ஒருவராக இருக்க வேண்டும், அல்லது கூட்டு உரிமையாளராவது ஆக வேண்டும். உரிமை இல்லாமல் தவணை மட்டும் கட்டினால் சட்டத்துக்கு அவர் யாரோ. தாத்தா சொத்தில் பாகம் வாங்கி, தன் பெயரில் கிரயம் முடித்தவருக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. அம்மாவிடமிருந்து ஒரு பங்கை எழுதி வாங்கலாம் என்றால், பல ஒப்படைப்புப் பட்டாக்களில் இத்தனை ஆண்டு கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனையை நாங்கள் குறை சொல்லவில்லை. 1892 முதல் தரப்பட்ட பஞ்சமி நிலத்துக்கே அப்படி நிபந்தனை இருந்தும் எவ்வளவு பறிபோனது என்று பார்த்தவர்கள் நாம்.

மாணவியின் கேள்விக்கு வருகிறோம். நகை அடகு வட்டியை 24-ஆம் பிரிவு விலக்கவில்லை. வீடு கட்ட வாங்கிய கடன் என்று காட்ட முடிந்தால் போதும்; வங்கிதான் என்று இல்லை. ஆனால் இரண்டு லட்சம் வரையிலான வரம்புக்கு, கடன் கொடுத்தவரே வட்டிக்குச் சான்றிதழ் தர வேண்டும். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த மாநிலத்தில் எந்த வட்டிக்காரர் தன் கைப்பட அப்படி எழுதித் தருவார்? தந்தாலும், கழிப்பதற்கு முதலில் வரி இருக்க வேண்டும். அம்மாவுக்கு வரியே இல்லை. அவர் அரசுக்குக் கட்டுவதெல்லாம் நூலிலும் சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் ஜிஎஸ்டியாகப் போகிறது. அதில் கழிவு இல்லை.

2020-இல் வந்த புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் 80சி-க்கும் இடமில்லை. வாடகைக்கு விட்ட வீடென்றால், அந்த வாடகை வருமானத்திலிருந்து வட்டியை இன்னும் கழிக்கலாம். இரண்டாவது வீடு வைத்திருப்பவருக்குக் கதவு மூடவில்லை.

அந்த மாணவி இப்போது குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். வேலை கிடைத்து வீட்டுக்கடன் விண்ணப்பம் போடும் முன், பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிபந்தனைக் காலம் எப்போது முடிகிறது என்று தாலுகா ஆபீசில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.