வீட்டைப் பார்த்துப் பேசும் சட்டம்: சில பிரிவுகளுக்கு ஓர் உரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ஐ டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஒரு சலுகைப் பட்டியலாகவே அறிவார்கள். அடையாள அட்டை, மாத உதவித்தொகை, ரயில் கட்டணத் தள்ளுபடி, வருமான வரிக் கழிவு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்காகக் கலெக்டர் ஆபீஸ் படியேறியவர்களில் சட்டத்தின் தொடக்கப் பிரிவுகளைப் படித்தவர்கள் குறைவு. அந்தப் பிரிவுகள் அரசாங்கத்திடம் மட்டும் பேசவில்லை. அப்பாவிடம், அம்மாவிடம், கூடப் பிறந்தவர்களிடமும் பேசுகின்றன. அவற்றை யாரும் எடுத்துச் சொல்லாததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

2016 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. பழைய 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. இது 21 வகைகளை ஏற்கிறது. கீழே ஒவ்வொரு பிரிவின் கருத்தையும் என் தமிழில் சுருக்கித் தந்து, அதன் பின் உரை எழுதுகிறேன்.

பிரிவு 2(எஸ்), அட்டவணை

*நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், தடைகளை எதிர்கொள்ளும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் போனால் அவர் மாற்றுத்திறனாளி.*

‘தடைகளை எதிர்கொள்ளும்போது’ என்றதனால், குறைபாடு மட்டுமே ஒருவரை மாற்றுத்திறனாளி ஆக்கிவிடாது என்பது பெறப்படும். பாதி உடலில் இருக்கிறது, பாதி வெளியே இருக்கிறது. டவுன் சிண்ட்ரோமை ஜான் லாங்டன் டவுன் 1866-இல் விவரித்தார். 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959-இல் பிரான்சில் ழெரோம் லெழூனின் குழு வெளியிட்டது. அந்த மூன்றாவது குரோமோசோமை இன்றுவரை யாருடைய உடலிலிருந்தும் எடுத்துவிடவில்லை. ஆனாலும் 1983 வாக்கில் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டியே இருந்தது. இன்று அது 60-ஐ ஒட்டியிருக்கிறது. இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். அந்த இதயத்துக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று யோசிப்பதை மருத்துவர்கள் நிறுத்தினார்கள். பெரிய விடுதிகளில் போட்டு மூடுவதைக் குடும்பங்கள் நிறுத்தின. நீங்கியது தடை மட்டுமே. சட்டத்தின் இந்த ஒரு வரிக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அட்டவணையில் ஒரு விந்தை. தலசீமியாவுக்கும் ஹீமோஃபிலியாவுக்கும் அங்கே பெயர் உண்டு. டவுன் சிண்ட்ரோமுக்குப் பெயர் இல்லை. ‘அறிவுசார் குறைபாடு’ என்ற தலைப்புக்குள் அது அடங்குகிறது. எனவே குரோமோசோம் சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருந்தாலும், சான்றிதழுக்கு ஐ.க்யூ. மதிப்பீட்டு வரிசையில்தான் நிற்க வேண்டும். 40 சதவீதம் வந்தால் இட ஒதுக்கீடும் இலவசக் கல்வியும். பெற்றோர் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் கீழே எடுத்துக்கொள்ளும் 5, 9, 10, 13, 14, 16 ஆகிய பிரிவுகளுக்கு எந்தச் சதவீதமும் தேவையில்லை.

பிரிவுகள் 5, 9

*மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தப்படாதிருக்க அரசு முயல வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிள்ளையின் நலனுக்காக நீதிமன்றம் ஆணையிட்டால் தவிர.*

9-ஆம் பிரிவு எளிது. 5-ஆம் பிரிவுதான் வீட்டுக்குள் வருகிறது. “எங்களுக்குப் பிறகு யார்?” என்பது இந்தப் பெற்றோர் எல்லாருடைய கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அதற்கு ஒரு பதில் சத்தமில்லாமல் முடிவாகியிருக்கும்: அண்ணன் பார்த்துக்கொள்வான், அல்லது அக்கா. அண்ணனையும் கேட்டிருக்க மாட்டார்கள், தம்பியையும் கேட்டிருக்க மாட்டார்கள். தம்பிக்கு அண்ணி வீட்டில் இருக்கப் பிடிக்குமா, சொந்த ஊரிலேயே பழகிய தெருவில் இருக்க ஆசையா, கூட வேலை செய்யும் நண்பர்களோடு தங்க ஆசையா? கேட்டால் சொல்லக்கூடியவர்கள் பலர். வீட்டிலேயே ஆதரவு, விடுதி வழியாக ஆதரவு என்று பல ஏற்பாடுகளையும் அவர் எட்டச் செய்ய அரசு முயல வேண்டும் என்றும் இதே பிரிவு சொல்கிறது. அதில் அரசு தரப்பு கடன் இன்னும் பாக்கி.

பிரிவு 10

*அவருடைய சுதந்திரமான, அறிந்து தந்த ஒப்புதல் இல்லாமல், மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்த மருத்துவச் செயல்முறைக்கும் அவரை உட்படுத்தக் கூடாது.*

மறைத்துப் பேசிப் பயனில்லை. 1994-இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண்களுக்குக் கருப்பையை எடுத்தார்கள். மாதவிடாயின்போது சுத்தமாக வைத்துக்கொள்வது சிரமம் என்பது சொல்லப்பட்ட காரணம். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அதே யோசனை இன்றும் குடும்பங்களில் மெல்லிய குரலில் வருகிறது, பெரும்பாலும் பயத்திலிருந்து. யாராவது ஏதாவது செய்துவிட்டால்? கருப்பையை எடுப்பது கர்ப்பத்தைத் தடுக்கும். வன்முறையைத் தடுக்காது, அதன் தடயத்தைத்தான் மறைக்கும். பெண்ணுக்கு நாப்கின் மாற்றப் பழக்குவது பொறுமை கேட்கும் வேலை. படங்களை ஒட்டி, படிப்படியாகக் காட்டினால் பெரும்பாலோர் கற்றுக்கொள்கிறார்கள். எது நல்ல தொடுதல், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அப்படியே.

சண்டிகரில் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் கருவுற்றபோது, அவர் குழந்தையைப் பெற விரும்பினார். நிர்வாகம் கலைக்க அனுமதி கேட்டது. அவருடைய ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. 10-ஆம் பிரிவை அந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரிவுகள் 13, 14

*சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், தன் பணத்தைத் தானே கையாளவும், வங்கிக் கடன் பெறவும் அவருக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு. ஆதரவு தருபவர் தகாத செல்வாக்குச் செலுத்தக் கூடாது. அவருடைய சுயாதீனம், கண்ணியம், அந்தரங்கம் ஆகியவற்றை மதிக்க வேண்டும். ஆதரவு ஏற்பாட்டை அவரே மாற்றலாம், கலைக்கலாம். போதிய ஆதரவு தந்த பிறகும் சட்டப்படி செல்லுபடியாகும் முடிவை எடுக்க முடியாதவருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அவர் விருப்பப்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறைக்குட்பட்ட பாதுகாவலரை அமர்த்தலாம்.*

இந்த உரையை எழுத வந்ததே இந்த இரண்டு பிரிவுகளுக்காகத்தான்.

பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் ஒன்று இதற்கு முன்பே உண்டு: 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ‘எங்களுக்குப் பிறகு யார்’ என்ற கேள்விக்கு அது தந்த பதில் சட்டப் பாதுகாவலர். மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று பெறலாம். 2006-இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வந்தது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. சட்டத்தின் முன் எல்லாரும் ஆட்களே, முடிவெடுக்க உதவி வேண்டுமென்றால் உதவி கொடு, முடிவைப் பிடுங்காதே என்பது அந்த உடன்படிக்கையின் உயிர். 13-ஆம் பிரிவு அங்கிருந்து வந்தது.

வைப்பு முறையைப் பாருங்கள். முதலில் உரிமை, அடுத்து ஆதரவு, கடைசியில்தான் பாதுகாவலர். ‘போதிய ஆதரவு தந்த பிறகும்’ என்றதனால், ஆதரவே தராமல் நேரே பாதுகாவலருக்கு விண்ணப்பிப்பது இச்சட்டத்தின் வழி அன்று என்பதாயிற்று. முழு ஆதரவு தேவைப்படுபவருக்கு அதைத் தரவும் 14-ஆம் பிரிவில் இடம் உண்டு. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் அமர்த்தப்பட்ட பாதுகாவலரும் இனி வரையறைக்குட்பட்ட பாதுகாவலராகவே இயங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி பீரோவில் வைத்த சான்று, ஆயுள் முழுதும் மகனுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் உரிமை அல்ல.

நடைமுறை வேறு. 18 வயது முடிந்ததும் வங்கியில் முதலில் கேட்பது பாதுகாவலர் சான்றைத்தான். மேலாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1872-இன் ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்பவர் அதன் விளைவைப் புரிந்து தீர்மானிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்கிறது. புதிய சட்டத்தை எழுதியவர்கள் பழைய சட்டத்தோடு அதை இணைத்துத் தைக்காமல் விட்டுவிட்டார்கள். இது நாடாளுமன்றத்தின் சோம்பல்.

ஆனால் 13-ஆம் பிரிவின் பெரும் பகுதி வங்கி வாசலில் தொடங்கவில்லை. டிபன் கடையில் அவரே பணம் கொடுத்து மீதி வாங்குவது, மருத்துவர் “இவருக்கு என்ன செய்யுது?” என்று அம்மாவைக் கேட்கும்போது அம்மா மகனைத் திரும்பிப் பார்ப்பது, 20 வயதுப் பெண் குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள விடுவது. ‘அந்தரங்கம்’ என்று சட்டம் சொன்னது இதையும் சேர்த்துத்தான். பல வருஷம் இப்படி முடிவெடுத்துப் பழகியவரிடம்தான் சொத்துப் பத்திரத்தைப் பற்றிப் பேச முடியும். இரத்த உறவு என்ற ஒரே காரணத்தால் ஆதரவு தருபவரைச் சந்தேகிக்கக் கூடாது என்று சட்டம் பெற்றோருக்குப் பரிவு காட்டுகிறது. அதே பிரிவு, குறிப்பிட்ட ஒரு பரிமாற்றத்தில் நலன் முரண்பட்டால் விலகி நில் என்றும் சொல்கிறது. பாகப்பிரிவினையின்போது அண்ணன்மார் படிக்க வேண்டிய வரி.

பிரிவுகள் 16, 31

*அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்கவும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதி செய்துதரவும், தனிப்பட்ட ஆதரவு தரவும் அரசு முயல வேண்டும். 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.*

16-இல் ‘முயல வேண்டும்’. 31-இல் ‘உரிமை உண்டு’. மறுக்கும் பள்ளியிடம் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது. இது 18 வரை போகிறது.

“எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை” என்பது வழக்கமான மறுப்பு. பொதுப் பள்ளிகளிலும் சிறப்பாசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லாமை பள்ளியின் குறை. பிள்ளையைத் திருப்பி அனுப்பக் காரணம் அல்ல.

தேவைக்கேற்ற வசதி என்றால் லிஃப்டும் சாய்தளமும் என்றே பள்ளிகள் நினைக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு வேண்டியது வேறு. இவர்களில் பலருக்குக் கேட்டதை நினைவில் வைப்பது கடினம், பார்த்ததை நினைவில் வைப்பது எளிது. காதுக்குள் நீர் தேங்கிச் செவித்திறன் குறைவதும் சகஜம். ஆகவே முன் வரிசை, வாய்மொழிக் கட்டளையோடு ஒரு படம். தசைத் தளர்வு இருப்பதால் கால் தரையில் ஊன்றும் உயரத்தில் நாற்காலி, பருமனான பென்சில், எழுதக் கூடுதல் நேரம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி 1980-களிலிருந்து செய்த ஆய்வுகள், இந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தந்தால் பேச்சும் வளர்கிறது என்று காட்டின. பேச்சு வரட்டும், பிறகு எழுத்து என்று காத்திருப்பது தலைகீழ்.

பிரிவு 34

*அரசுப் பணியில் 4 சதவீத இட ஒதுக்கீடு.*

இதில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு அனைத்துக்கும் சேர்த்து 1 சதவீதம். எல்லாருக்கும் ஒரே எழுத்துத் தேர்வு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைப் பொறுத்தவரை இது காகிதத்தில் இருக்கும் பிரிவு.

பிரிவு 92

*பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.*

கடுமையான பிரிவு. ஆனால் கல்யாணத்துக்கு இவனை அழைத்து வரவேண்டாமே என்று போனில் நாசூக்காகச் சொல்லும் உறவினர் இதற்குள் வரமாட்டார். அந்தக் கல்யாணத்துக்குக் குடும்பமே போகாமல் இருப்பதுதான் தண்டனை.

மற்றவற்றுக்கு வழி இருக்கிறது. பள்ளி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நாளையும் சொன்னவர் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள்; விசாரிப்பதற்காக அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களைச் சட்டம் தந்திருக்கிறது. மனுவில் பிரிவு எண்ணைப் போடுங்கள். எழுதியதை உங்கள் மகனுக்கோ மகளுக்கோ புரியும்படி வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையும் சேர்த்து, உங்கள் கையெழுத்துக்கு மேலே அவர்களுடைய கையெழுத்தையும் வாங்குங்கள்.