டிசம்பர் 11

1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணிய பாரதி. பதினொரு வயதளவில் அவருடைய புலமைக்குக் கிடைத்த 'பாரதி' பட்டமே பின்னர் பெயராக நிலைத்தது. 39 வயது நிறையுமுன் மறைந்தார். அவர் இறந்தது நள்ளிரவு தாண்டிய பிறகு என்பதால் நினைவுநாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ என்ற பேச்சு இன்றும் உண்டு. பிறந்தநாளில் அந்தச் சிக்கல் இல்லை. 2022 முதல் அது இந்திய மொழிகள் நாளாகவும் கொண்டாடப்படுகிறது.

1946-இல் இதே தேதியில் அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. போரால் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்காக யுனிசெஃப் தொடங்கப்பட்டதும் அன்றுதான். 1972-இல் அப்பல்லோ 17 நிலவில் இறங்கியது. இந்தியக் கடிகாரத்தில் அப்போது 12-ஆம் தேதி பிறந்துவிட்டது.

இந்தி நடிகர் திலீப் குமார் (1922), குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி (1935) ஆகியோருக்கும் இதுவே பிறந்தநாள். 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இசை உலகுக்கு மட்டும் இது துக்க நாள். பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞரான எம்.எஸ். சுப்புலட்சுமி 2004 டிசம்பர் 11 அன்று, சென்னையில், தமது 88-ஆம் வயதில் காலமானார்.